ஊடல்: நடுவில் விட்டுப்போன ஒரு படி

கல்யாண மேடையில் வாழ்த்திப் பேசுகிறவர் 'ஊடலும் கூடலுமாக நீடூழி வாழ்க' என்கிறார். செய்தித்தாளில் 'கூட்டணிக்குள் ஊடல்' என்று தலைப்பு வருகிறது. பக்கத்து வீட்டுத் தம்பதி மாதக்கணக்கில் பேசிக்கொள்ளாமல் இருந்தால், 'ஏதோ ஊடல் போலிருக்கு' என்று சொல்லிவிட்டுப் போகிறோம். திரைப்படத்தில் ஒருவன் தன்னை விரும்பாத பெண்ணின் பின்னாலேயே அலைகிறான், அவள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதையும் ஊடல் என்று எழுதுகிறார்கள்.

இந்த நான்கில் முதலாவது மட்டும்தான் ஓரளவு சரி. மற்ற மூன்றிலும் சொல் தவறான இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. அதனால் என்ன கெட்டுவிட்டது என்று கேட்கலாம். காதலின் ஒரு நுட்பமான நடத்தைக்குத் தமிழ் தனிப்பெயர் வைத்து, இலக்கணம் வகுத்து, அதிகாரம் அதிகாரமாகக் குறள் எழுதி வைத்திருக்கிறது. அதைக் கொண்டுபோய் 'சண்டை' என்ற சொல்லின் அலங்கார வடிவமாக ஆக்கிவிட்டால், அந்த நடத்தையைச் சொல்ல நம்மிடம் வேறு சொல் கிடையாது. ஆகவே அடியிலிருந்து பார்ப்போம்.

கோபித்துக்கொண்ட குழந்தை எங்கே உட்காருகிறது?

'எனக்குச் சோறு வேண்டாம் போ' என்று தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிற குழந்தையைக் கவனித்திருப்பீர்கள். அது வீட்டை விட்டு ஓடிப்போவதில்லை. அம்மாவின் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து, வாசல்படியிலோ தூணோரத்திலோ போய் உட்காரும். முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கும், காது மட்டும் இந்தப் பக்கம் இருக்கும். அம்மா கூப்பிட்டால் 'வரமாட்டேன்' என்னும். கூப்பிடாவிட்டால் உதடு பிதுங்கும். வீட்டில் யாருமே இல்லாத நேரத்தில் எந்தக் குழந்தையும் இப்படிக் கோபித்துக்கொள்வதில்லை.

இதில் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மனதில் ஒரு சின்ன வருத்தம் உண்மையாகவே இருக்கிறது. அந்த வருத்தம் எதிராளிக்குத் தெரியும்படி காட்டப்படுகிறது. மூன்றாவதுதான் உயிர்நாடி: கூப்பிட ஆள் வரும் என்ற நம்பிக்கை. இந்த மூன்றையும் காதலில் இணைந்துவிட்ட இருவருக்கு நடுவே வையுங்கள். ஒருவர் மற்றவரிடம் நெருக்கத்தைக் கொஞ்ச நேரம் நிறுத்திவைக்கிறார், அவர் வந்து சமாதானம் செய்வார் என்று நம்பி நிறுத்திவைக்கிறார். ஊடல் என்பது அதுதான்.

பொய்க்கோபம் என்று இதை விளக்குவது வழக்கம். அது பாதி சரி. கோபம் முழுக்க நடிப்பாக இருக்கவேண்டியதில்லை. வருத்தம் நிஜமாக இருக்கலாம். நிஜமாக இல்லாதது விலகல் மட்டும்தான். சிணுங்கல், பிகு பண்ணுவது, முறுக்கிக்கொள்வது எல்லாம் ஊடலின் வெளி அடையாளங்கள். அவை வராமல் வெறும் மௌனத்திலும் ஊடல் நடக்கும்.

வள்ளுவர் இந்த நம்பிக்கையை நேராகவே சொல்லிவிடுகிறார். 'நோதல் எவன்மற்று நொந்தாரென்று அஃதறியும் காதலர் இல்லா வழி' என்பது 1308-ஆம் குறள். இவள் நொந்திருக்கிறாள் என்று அறிகிற காதலர் இல்லாதபோது நோவதால் என்ன பயன் என்பது பொருள். அடுத்த குறளில், நிழலில் உள்ள நீர்தான் இனிது, அதுபோல் அன்புடையவரிடத்தில்தான் புலவியும் இனிது என்கிறார். ஆள் தெரியாதவரிடம், அன்பில்லாதவரிடம் ஊட முடியாது. அங்கே அது வெறும் கோபம்.

சுருக்கமாக: வருத்தம் நிஜம், விலகல் தற்காலிகம், தேற்ற ஆள் வரும் என்பது நம்பிக்கை. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் வேறு பெயர் தேடவேண்டும்.

புலவி, ஊடல், துனி

பழைய நூல்களைப் புரட்டினால் ஊடலுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு சொற்கள் நிற்கும். புலவி என்பது மனம் சற்றுப் பிணங்குகிற தொடக்க நிலை. 'புலந்தாள்' என்றால் இந்தப் பிணக்கைக் கொண்டாள் என்று பொருள். அது வெளிப்பட்டு இருவருக்கும் தெரிந்துவிட்டால் ஊடல். ஆறாமல் நீண்டு முற்றிப்போனால் துனி. பல இடங்களில் புலவியும் ஊடலும் ஒரே பொருளில் மாறி மாறி வரும். கோடு போட்டுப் பிரிக்க வேண்டியதில்லை. துனி மட்டும் தனி, அதில் விளையாட்டு மிச்சமில்லை.

ஆனாலும் 1306-ஆம் குறள் துனியையும் ஒதுக்கவில்லை: 'துனியும் புலவியும் இல்லாயின் காமம் கனியும் கருக்காயும் அற்று.' முற்றிய சண்டையே இல்லாத காதல் அளவுக்கு மீறிப் பழுத்த கனி போல ஆகிவிடும், சின்னப் பிணக்குகூட இல்லாத காதல் பிஞ்சுக்காய் போல நிற்கும் என்று உரைகாரர்கள் இதை விரிக்கிறார்கள். வள்ளுவர் இரண்டையும் வாழ்க்கையில் வருகிறவையாக ஒப்புக்கொள்கிறார். எச்சரிக்கை அளவைப் பற்றித்தான்.

அந்த அளவு 'சிறிது' என்ற சொல்லில் இருக்கிறது. புலவி அதிகாரத்தின் முதல் குறளை உரையாசிரியர் பரிமேலழகர் தோழியின் பேச்சாகக் கொள்கிறார். உடனே போய்த் தழுவிக்கொள்ளாதே, அவர் படுகிற பாட்டைக் கொஞ்சம் பார்ப்போம், 'அல்லல்நோய் காண்கம் சிறிது' என்கிறாள் அவள். அடுத்த குறள் 'உப்பமைந்து அற்றால் புலவி' என்று தொடங்குகிறது. புலவி, சாப்பாட்டில் உப்பு அமைந்திருப்பது மாதிரி. அதை நீளவிடுவது உப்பு 'சிறிது' கூடிப்போனது மாதிரி. அடுத்தடுத்த இரண்டு குறள்களில் ஒரே சொல். முதலில் அனுமதியாக வருகிறது, பிறகு எல்லையாக வருகிறது. மாதக்கணக்கில் பேசாமல் இருக்கும் தம்பதிக்கு நடுவே இருப்பது ஊடல் ஆகாது என்று சொல்ல எனக்கு இந்த இரண்டு குறள் போதும்.

ஒரு தும்மல் படுத்தும் பாடு

காமத்துப்பாலின் 25 அதிகாரங்களில் கடைசி மூன்றும் ஊடலுக்கே ஒதுக்கப்பட்டவை: புலவி, புலவி நுணுக்கம், ஊடலுவகை. 1330 குறளும் முடிகிற இடம் 'ஊடுதல் காமத்திற்கு இன்பம்' என்று தொடங்கும் குறள். இந்த மூன்றில் புலவி நுணுக்கம்தான் எனக்கு மிகப் பிடித்தது. ஊடல் நடக்கிற விதத்தைக் கிட்டத்தில் வைத்துக் காட்டுகிற அதிகாரம் அது.

இருவரும் பேசாமல் இருக்கிறார்கள். அவன் தும்முகிறான். யாராவது தும்மினால் 'நூறு ஆயுசு' என்று இன்றும் நம் வாயில் தானாக வருகிறதல்லவா, அன்றும் அப்படியே. நான் 'நீடு வாழ்க' என்று வாய்திறப்பேன் என்று தெரிந்துதான் அவர் தும்மினார் என்று அவள் சொல்கிறாள் (1312). மௌனத்தை உடைக்க அவன் கண்டுபிடித்த வழி ஒரு தும்மல்!

இன்னொரு முறை அவனுக்குத் தும்மல் வருகிறது. அவள் பழக்கத்தில் வாழ்த்திவிடுகிறாள். வாழ்த்திய கையோடு அதை அழித்துவிட்டு அழுகிறாள்: 'யாருள்ளித் தும்மினீர்?' யாரோ நினைத்தால்தான் தும்மல் வரும் என்பது நம்பிக்கை; இன்றைக்கு நமக்குப் புரையேறினால் சொல்கிறோமே, அதே கதை. உங்களை நினைக்கிற அவள் யார் என்பது கேள்வி (1317). பட்ட பாடு போதும் என்று, அடுத்து வந்த தும்மலை அவன் அடக்கிக்கொள்கிறான். அதற்கும் அழுகை. உங்கள் ஆட்கள் உங்களை நினைப்பதை எனக்குத் தெரியாமல் மறைக்கிறீர்களா என்று கேட்கிறாள் (1318).

தும்மினாலும் குற்றம், அடக்கினாலும் குற்றம். 'யாரைக் காட்டிலும் உன்னைத்தான் அதிகம் விரும்புகிறேன்' என்று அவன் சொன்னால், 'யாரைக் காட்டிலும்? யாரைக் காட்டிலும்?' என்று ஊடுகிறாள். 'உன்னை நினைத்தேன்' என்றால், நினைத்தீர்கள் என்றால் நடுவில் மறந்தீர்கள் என்றுதானே அர்த்தம் என்கிறாள். இந்தப் பிறவியில் பிரியமாட்டேன் என்றால் கண் நிறையத் தண்ணீர், மறுபிறவியில் பிரிவதாகச் சொல்கிறானே என்று. பேசினால்தானே வம்பு என்று அவன் சும்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தால், 'என்னை யாரோடு ஒப்பிட்டுப் பார்க்கிறீர்?'

இங்கே உண்மையான குற்றம் எதுவும் கிடையாது. வள்ளுவரே அடுத்த அதிகாரத்தைத் தொடங்கும்போது 'இல்லை தவறவர்க்கு ஆயினும்' என்று அவள் வாயாலேயே ஒப்புக்கொள்ள வைக்கிறார். அப்புறம் எதற்கு ஊடல்? அவர் அன்பு காட்டுகிற விதத்தை அது வெளியே கொண்டுவரும், அதற்காக. வழக்கமான நாளில் மறைந்துகிடக்கும் அன்பு, தேற்ற வருகிற நேரத்தில் முழுசாகத் தெரியும். ஊடல் அதைக் கூப்பிட்டுப் பார்க்கிறது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்த்தால், ஊடலுக்குச் சொல்லப்படுகிற காரணம் பெரும்பாலும் சாக்கு. உள்ளே கேட்கப்படுவது ஒரே கேள்வி: உனக்கு நான் இன்னும் முக்கியமா?

நடுப்படி

இப்போது சாரத்துக்கு வருவோம். 'ஊடலும் கூடலும்' என்று இரண்டாகச் சொல்லிப் பழகிவிட்டோம். வள்ளுவர் மூன்றாகச் சொல்கிறார். 1109-ஆம் குறள்: 'ஊடல் உணர்தல் புணர்தல் இவைகாமம் கூடியார் பெற்ற பயன்.' நடுவில் உணர்தல் என்று ஒரு படி இருக்கிறது. ஊடியவர் மனம் தெளிந்து பிணக்கு நீங்குவது உணர்தல். அப்படித் தெளிய வைப்பது உணர்த்துதல். எதனால் வருத்தம் என்று கேட்பது, கெஞ்சுவது, பூ வாங்கி வருவது, தூது அனுப்புவது எல்லாம் இந்தப் படிக்குள் அடங்கும்.

ஊடலிலிருந்து கூடலுக்குத் தானாகப் போக முடியாது. நடுவில் ஒருவர் எழுந்து வரவேண்டும். வராவிட்டால்? வாடிக் கிடக்கிற வள்ளிக்கொடியை அடியோடு அறுத்தது போல என்கிறது 1304-ஆம் குறள். 'ஊடல் உணங்க விடுவாரோடு' என்று இன்னொரு குறளில் அவள் சொல்கிறாள். உணங்குதல் என்றால் காய்ந்து வற்றுதல். ஊடலைத் தணிக்காமல் காயவிடுகிறவரோடு கூடுவோம் என்று என் நெஞ்சு நினைப்பது வெறும் ஆசைதான் என்பது அவள் முடிவு. 'அவளே சரியாயிடுவா' என்று தொலைக்காட்சிப் பெட்டிப் பக்கம் திரும்பிக்கொள்கிறவர்கள் செய்வது இந்தக் காயவிடுதலைத்தான். ஊடியவர் மேல் எந்தத் தப்பும் இல்லை அதில்.

எழுந்து வருகிறவருக்கு இது தோல்வியாகத் தெரியலாம். அதற்கும் பதில் இருக்கிறது: 'ஊடலில் தோற்றவர் வென்றார்' (1327). தொல்காப்பியம் இதை விதியாகவே எழுதிவைத்தது: 'மனைவி உயர்வும் கிழவோன் பணிவும் நினையுங் காலைப் புலவியுள் உரிய.' புலவி நேரத்தில் மனைவி உயர்ந்து நிற்பதும் கணவன் பணிந்து போவதும் உரியவை என்கிறது இலக்கணம். மற்ற நேரங்களில் ஆண் கை ஓங்கியிருந்த சமூகம் இந்த ஒரு நேரத்துக்குத் தராசைத் திருப்பிப் பிடித்திருக்கிறது.

உணர்த்த ஆள் வராமல் போன இரவு

நடுப்படி தவறினால் என்ன ஆகும் என்பதற்குச் சிலப்பதிகாரத்தைவிடப் பெரிய சான்று கிடையாது. புகார் கடற்கரையில் கோவலன் யாழை வாங்கிக் கானல்வரி பாடுகிறான். அவன் பாட்டில் வேறொருத்தியின் சாயல் இருப்பதாக மாதவிக்குப் படுகிறது. இளங்கோ அந்த இடத்தில் போடுகிற சொல்லைப் பாருங்கள்: அவள் 'புலவியால்' யாழை வாங்கினாள் என்கிறார். தானும் ஒரு குறிப்பு உள்ளவள் போலப் பாடுகிறாள். நீ பாடினால் நானும் பாடுவேன் என்கிற ஊடல் அது, புலவி நுணுக்கத்துப் பெண்கள் செய்கிற அதே காரியம்.

கோவலன் அதை ஊடல் என்று படிக்கவில்லை. வேறொருவன் மேல் மனம் வைத்துப் பாடினாள் என்று எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அப்போதும் மாதவிக்கு விஷயம் புரியவில்லை. தோழி வசந்தமாலையிடம் கடிதம் கொடுத்து அனுப்புகிறாள், அவன் வாங்க மறுக்கிறான். அதைக் கேட்டும் அவள் 'மாலை வாராராயினும்... காலை காண்குவம்' என்கிறாள். சாயங்காலம் வராவிட்டால் என்ன, காலையில் பார்க்கலாம். ஊடலுக்குரிய நம்பிக்கை அந்த ஒரு வரியில் முழுசாக இருக்கிறது. அவன் அந்தக் காலையில் வரவில்லை. எந்தக் காலையிலும் வரவில்லை. கண்ணகியோடு மதுரைக்குப் புறப்பட்டான்.

ஒருவருக்கு ஊடலாக இருப்பது மற்றவருக்கு முறிவாகப் படலாம். இருவருமே ஊடல் என்று அறிந்திருந்தால்தான் அது ஊடல்.

வயல்வெளியும் பரத்தையும்

சங்க இலக்கியத்தில் ஊடலுக்கென்று ஒரு நிலமே உண்டு. குறிஞ்சிக்குப் புணர்தல், பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், நெய்தலுக்கு இரங்கல், வயலும் வயல் சார்ந்த இடமுமான மருதத்துக்கு ஊடல். இப்படி ஒரு திணைக்கு உரிய காதல் நிலையை உரிப்பொருள் என்பார்கள். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தது நினைவிருக்கும்.

பள்ளியில் மென்று விழுங்கிவிட்ட பகுதி ஒன்று உண்டு. மருதப் பாடல்களில் ஊடலுக்குக் காரணம் தும்மல் கிடையாது. கணவன் பரத்தையிடம் போய்விட்டு வருகிறான். வந்தவனுக்காகப் பாணனோ தோழியோ தூது பேசுகிறார்கள். இந்தத் தூதர்களுக்கு வாயில் என்று பெயர். மனைவி கதவைத் திறக்காமல் மறுத்தால் அது வாயில் மறுத்தல். அந்த வருத்தம் நிஜமானது, கனமானது. அதை விளையாட்டு என்று இனிப்புத் தடவிச் சொல்வது அந்தப் பெண்களுக்குச் செய்யும் அநியாயம். குறுந்தொகையின் எட்டாம் பாட்டில் பரத்தையே பேசுகிறாள்: இங்கே பெரிய பேச்சுப் பேசியவன், தன் வீட்டில் மகனின் தாய்க்கு முன்னால் கண்ணாடிப் பாவை போலக் கையைத் தூக்கினால் கையைத் தூக்குகிறான், காலைத் தூக்கினால் காலைத் தூக்குகிறான் என்று. ஊடலில் தோற்ற கணவனை எதிர்வீட்டு ஜன்னல் வழியாகப் பார்த்த மாதிரி இருக்கிறது.

குறளிலும் 'பரத்த' என்று திட்டுகிற குரல் ஒன்று உண்டு. ஆனால் வள்ளுவர் பெரும்பாலும் அந்த வெளிக்காரணத்தை எடுத்துவிட்டு, இருவர் மட்டும் இருக்கிற அறைக்குள் ஊடலைக் கொண்டுவந்துவிட்டார். நாம் இன்று இனிமையாக நினைக்கிற ஊடல் அந்த அறைக்குள் இருப்பது.

சாமிக்கும் ஊடல்

தை மாதம் இரண்டாம் நாள், மாட்டுப் பொங்கலன்று, திருவண்ணாமலையில் திருவூடல் விழா நடக்கும். அதற்கென்று திருவூடல் தெருவே இருக்கிறது. சிவனை மட்டும் வணங்கிய பிருங்கி முனிவருக்குக் காட்சி கொடுக்கப் புறப்பட்டதால் அம்மன் ஊடி, கோயிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறாள் என்பது கதை. தூது போகிறவர் சுந்தரமூர்த்தி நாயனார். மறுநாள் கிரிவலம் முடிந்து வந்ததும் மறுவூடல், அதாவது ஊடல் தீர்தல். திருவரங்கத்திலும் பங்குனியில் உறையூர் போய்த் திரும்பும் நம்பெருமாளைத் தாயார் கதவடைத்து நிறுத்துகிற மட்டையடி உற்சவம் உண்டு. அங்கே சமாதானம் பேச வருகிறவர் நம்மாழ்வார்.

திருவண்ணாமலையில் தூதராகச் சுந்தரரைத் தேர்ந்தெடுத்தவர்களை நான் வியக்கிறேன். திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்துவிட்டுத் திருவாரூருக்குத் திரும்பிய சுந்தரருக்கு முதல் மனைவி பரவையார் கதவு திறக்கவில்லை. அவருக்காக இரவில் ஆரூர்த் தெருவில் இரண்டு முறை நடந்து தூது போனவர் சிவபெருமான் என்கிறது பெரியபுராணம். முதல் முறை மறுத்த பரவையார் இரண்டாம் முறைதான் இசைந்தார். அந்த உதவியைத் திருப்பித் தருகிற இடமாகத் திருவூடல் தெரு இருக்கிறது.

இரண்டு ஊரிலும் பக்தர்கள் பார்க்கப் போவது சண்டையை அல்ல. சாத்திய கதவு, நடுவில் ஒரு தூதர், திறந்த கதவு என்று மூன்று படியையும் தெருவில் வைத்துப் பார்க்கிறார்கள். கல்யாண மேடையில் நாம் விட்டுவிடுகிற நடுப்படி அங்கே விடுபடவில்லை.

எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது

'ஊடு' என்பது வினை. ஊடினாள், ஊடுகிறான், ஊடி நின்றார்கள், ஊடல் கொண்டாள், ஊடல் தீர்ந்தது என்றெல்லாம் எழுதலாம். ஆணும் ஊடலாம், சொல்லில் தடை ஏதும் இல்லை. ஊடகம், ஊடுருவு ஆகியவற்றில் வருகிற 'ஊடு' நடுவே என்ற பொருள் தருவது. அதைக் கொண்டுவந்து இங்கே குழப்பிக்கொள்ளக் கூடாது.

ஒரு பெண் தன்னைப் பின்தொடர்கிறவனைப் பார்த்து முகம் திருப்பினால் அது ஊடல் ஆகாது. இருவரும் காதலில் இணைந்த பிறகுதான் ஊடல் என்ற பேச்சே எழும். அவள் 'வேண்டாம்' என்றால் வேண்டாம் என்றுதான் பொருள். அந்த மறுப்பை ஊடல் என்று பெயர் மாற்றி எழுதுகிற வசனங்கள் சொல்லையும் கெடுக்கின்றன, பிள்ளைகளையும் கெடுக்கின்றன. அதேபோல, பேசாமல் இருந்தே ஒருவரைப் பணிய வைப்பதும் ஊடல் ஆகாது. ஊடுகிறவர் தேற்ற வந்தவரைக் கண்டதும் உள்ளுக்குள் இளகுகிறார். தண்டிக்கிறவர் இளகுவதில்லை, வந்தவரை இன்னும் காக்கவைக்கிறார்.

கூட்டணிச் செய்திக்கு வருவோம். கோபித்துக்கொண்ட கட்சி, தூது போகும் மூத்த தலைவர், தொகுதிப் பேச்சு, கடைசியில் மேடையில் கைகோத்து நிற்பது என்று வெளித்தோற்றம் முழுக்கப் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அங்கே விட்டுக்கொடுத்தவர் தோற்றவர்தான். 'தோற்றவர் வென்றார்' என்று எந்தக் கட்சியும் மகிழ்வதில்லை. நான் எழுதினால் அங்கே பிணக்கு என்றோ மனக்கசப்பு என்றோ போடுவேன்.